முறிந்த போல்ட்டும் முறித்த கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இப்போது வரும் போல்ட்டுகளில் தரமே இல்லை, எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் ஒன்றாவது முறிந்துவிடுகிறது’ என்று சரக்கு ஆட்டோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் தங்கள் கடிதப் பகுதியில் வருந்தி எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. சொன்ன காரணம்தான் சரியில்லை.

நான் திங்கள்சந்தையில் லேத் பட்டறை நடத்துகிறவன். முறிந்த போல்ட்டின் மிச்சத்தைக் குழிக்குள்ளிருந்து எடுப்பது என் தொழிலில் பாதி. குளச்சல், மண்டைக்காடு பக்கமிருந்து படகு எஞ்சின்கள் வரும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து கார், ஆட்டோ ஹெட்டுகள், அதாவது எஞ்சினின் மேல்மூடிகள், வரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்து ஜீப் பாகங்கள் வரும். போல்ட் முறிந்தால் எனக்கு வரும்படி. முறியாமலிருக்க வழி சொல்வது என் பிழைப்புக்கு நானே வேட்டு வைப்பதுதான். ஆனாலும் ஒரு சின்ன போல்ட்டுக்காக நல்ல ஹெட் ஒன்று பாழாகி வந்து மேசையில் உட்காரும்போது எழுதாமலிருக்க முடியவில்லை.

முறிந்த முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது முறிந்த துண்டைத்தான். அளவுக்கு மீறி முறுக்கியதால் முறிந்தது என்றால், முறிவுக்குப் பக்கத்தில் போல்ட்டின் இடுப்பு சிறுத்திருக்கும். அந்த இடத்தில் மரைகளுக்கு, அதாவது போல்ட்டைச் சுற்றி ஏறும் வரிகளுக்கு, நடுவிலுள்ள இடைவெளி நீண்டிருக்கும். நல்ல மரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். இரண்டாவது வகை வேறு மாதிரி. முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக இருக்கும். அலை பின்வாங்கிய மணலில் பதியும் கோடுகளைப் போல வரிவரியாகத் தெரியும். கடைசியில் ஒரு ஓரம் மட்டும் கரடுமுரடாக இருக்கும். இது ஒரே நாளில் முறிந்த போல்ட் அல்ல. ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்து, எஞ்சின் ஓட ஓட அது உள்ளே நகர்ந்து, மிச்சமிருந்த கொஞ்சம் இரும்பு தாங்காமல் ஒருநாள் போயிருக்கிறது.

இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் முறுக்கம் போதாததால் வருகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ‘ஆசானே, லூசாக இருந்த போல்ட் எப்படி முறியும்? கழன்றுதானே விழும்?’ என்பார்கள். முறியும். போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் பலம்தான் ஹெட்டையும் அதன் அடியிலுள்ள எஞ்சின் உடம்பான பிளாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. சரியாக நீண்டு நிற்கும் போல்ட்டுக்கு எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாகத் தெரிவதில்லை; சேர்ந்து நிற்கும் இரண்டு பாகங்களும் அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. முறுக்கம் குறைந்தால் ஒவ்வொரு வெடிப்பும் நேராகப் போல்ட்டில் இழுக்கும், விடும், இழுக்கும், விடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் இது எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் இப்படிப் போனால் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்புறம் லேத் பட்டறைக்கு வேலையில்லை, பழைய இரும்புக் கடைக்குத்தான் வேலை.

தரமில்லாத போல்ட் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட்டை எஞ்சினில் போடக் கூடாது. கம்பிவேலிக்கும் கதவுக்கும் அது போதும். எஞ்சின் போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். 8.8-இல் முதல் எட்டு என்பது, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 80 கிலோ இழுத்தால் அறும் என்பது. புள்ளிக்குப் பிறகு வரும் எட்டு, அதில் 80 விழுக்காட்டைத் தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பது. 10.9 போட வேண்டிய இடத்தில் 8.8 போடுவது தவறு. 8.8 இருந்த இடத்தில் ‘இன்னும் பலமாக இருக்கட்டும்’ என்று 12.9 போட்டு, அந்தப் பலத்துக்கேற்ப இறுக்குவதும் தவறுதான். போல்ட் முறியாது, அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அதிகமாக என் மேசைக்கு வருவது பத்து ஸ்பேனர் போல்ட். அதன் தலைதான் 10 மில்லிமீட்டர். உடம்பு 6 மில்லிமீட்டர். பைக்கின் கிளட்ச் கவர், மேக்னெட் கவர், ஹெட் கவர் எல்லாவற்றிலும் இதுதான். 8.8 தரத்தில் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறுக்கம் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். பழைய கணக்கில் ஒரு ‘கிலோகிராம்-மீட்டர்’, அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ இழுப்பு. 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியைப் பிடித்தால் நான்கு கிலோ இழுப்பு, அவ்வளவுதான். அந்த நான்கு கிலோ இழுப்பிலேயே அந்தச் சின்னப் போல்ட் ஏறத்தாழ 800 கிலோ பலத்தோடு கவரைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? டி ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, தோளையும் சேர்த்து ஒரு முறுக்கு. பிறகு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு முறுக்கு. அந்த இரண்டாவது முறுக்குத்தான் என் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. ஆயில் மாற்றும் டிரெயின் போல்ட்டுக்கும் இதே கதி. அது முறியாது, ஆனால் ஒவ்வொரு சர்வீசிலும் கொஞ்சம் கொஞ்சமாக அலுமினிய மரையைத் தின்று, கடைசியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும்.

‘என் கைக்கு அளவு தெரியும்’ என்று பழைய ஆசான்மார் சொல்வார்கள். சிலருக்குத் தெரியும்தான், மறுக்கவில்லை. ஆனால் கை உணர்வது உராய்வை. போல்ட் எவ்வளவு நீண்டது என்பதை அல்ல. நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ 90 விழுக்காடு உராய்வுக்கே போய்விடுகிறது. பாதி தலைக்கு அடியில், மிச்சம் மரையில். பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மரை துருவும் மண்ணுமாக இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும்; கைக்கு இறுக்கமாகத் தெரியும், உள்ளே பிடிப்பே இருக்காது. மாறாக, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் போட்டால் போல்ட் அளவுக்கு மேல் நீளும். ஆகவே முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கினால் மட்டும் போதாது. அந்த எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் எண்ணெய் தடவச் சொல்கிறதா, உலர்வாகப் போடச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் என்று சொல்லியிருந்தால் ஒரு சொட்டுத்தான்; டப்பாவில் முக்கி எடுப்பது அல்ல.

முக்கி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் போன மழைக்காலத்தில் ஒரு வேன் பிளாக் வந்தது. எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை. ஹெட் போல்ட் இறங்கும் குழிகளில் பல அடி மூடியவை. ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் தண்ணீரும் ஆயிலும் அந்தக் குழிகளில் இறங்கித் தேங்கிவிடும். அதைத் துடைக்காமல் போல்ட்டை இறக்கினால், அடியில் மாட்டிய எண்ணெய்க்குப் போக வழியில்லை. அது சுருங்கவும் செய்யாது. போல்ட் அடியைத் தொட்டதைப் போல நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும். மெக்கானிக் சந்தோஷமாக அடுத்த போல்ட்டுக்குப் போவார். ஹெட்டோ சரியாக அமர்ந்தே இருக்காது. இன்னும் வலுவாக முறுக்கினால் ஒன்று போல்ட் போகும், இல்லையென்றால் குழியின் சுவர் வெடிக்கும். அந்த வேனில் சுவர் வெடித்திருந்தது. ஒழுகாமலிருக்கப் பாகங்களுக்கு நடுவில் தடவும் கேஸ்கட் பேஸ்ட்டும் இதே வேலையைச் செய்யும். தாராளமாகப் பிதுக்கித் தடவி, அது குழிக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும். பேஸ்ட்டை மெல்லிய கோடாக, போல்ட் குழியைச் சுற்றி இழுக்க வேண்டும், குழிக்குள் அல்ல.

துடைப்பது பெரிய வித்தை இல்லை. மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலில் நனைத்த சின்னப் பிரஷ், கம்ப்ரசர் காற்று, காற்றடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி. மரைக்குள் அழுக்கு இறுகியிருந்தால் மரை வெட்டும் கருவியான டாப்பைப் போட்டு ஓட்டுகிறார்கள்; அது அழுக்கோடு நல்ல மரையையும் கொஞ்சம் சீவி எடுத்துவிடும். அதற்குப் பதில் அதே அளவிலுள்ள பழைய நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, மரையின் மேல் நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடால் இரண்டு மூன்று கீற்றுப் போட்டு, ஓரப் பிசிறை அரத்தால் நீக்கி, விரலால் ஓட்டிப் பாருங்கள். அழுக்கெல்லாம் அந்தக் கீற்றுகளில் சேர்ந்து வெளியே வரும். செலவில்லாத ஆயுதம். என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு 6, 8, 10 மில்லிமீட்டரில் இதைச் சும்மாவே செய்து கொடுக்கிறேன்.

போல்ட்டை முதல் மூன்று சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும். முதலில் பின்பக்கமாக மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் ‘டக்’ என்று விழும். மரையோடு மரை சேர்ந்த இடம் அது. அங்கிருந்து முன்னே சுற்றினால் குறுக்கு மரை ஏறாது. விரலுக்கு ஏறாததை, காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன் வைத்து ஏற்றுகிறவரிடம் என்ன சொல்ல? சக்கர நட்டைக் கழற்ற அது நல்ல சாமான். எஞ்சின் பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில்கூட அதை வைக்காதீர்கள்.

எந்த போல்ட் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஒரு கிளட்ச் கவரிலேயே இரண்டு மூன்று நீளங்களில் போல்ட்டுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டுப் பூட்டும்போது நீளமானது ஆழம் குறைந்த குழிக்குள் போய் அடியில் முட்டும். குட்டையானது ஆழமான குழியில் இரண்டு மரை மட்டும் பிடித்து, அதைப் பிடுங்கிக்கொண்டு வரும். அலுமினியத்தில் போல்ட்டின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்காவது மரை பிடிக்க வேண்டும்; 6 மில்லிமீட்டருக்கு 9. ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்தி வையுங்கள். தோட்டத்துப் பழைய ஜீப்புகளில் இன்னொரு சங்கடம்: அவற்றில் இஞ்சு மரை. 5/16 இஞ்சு போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு நிற்கும். ‘துரு பிடித்திருக்கிறது’ என்று குழாய் மாட்டி முறுக்கினால் நேராக என்னிடம்தான் வர வேண்டும். மரை கேஜ் ஒன்று வாங்கிவைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கடலோரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இதுதான் தனிக்கதை. உப்புக்காற்று இங்கே யாரையும் விடுவதில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் எஞ்சின் வேலை எல்லாம் நடக்கும். ஆகஸ்ட் முதல் நாள் கடலுக்குப் போயாக வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். சைலன்சர் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் தலையில்லாப் போல்ட்டுகளான ஸ்டட்டுகளில் பாதி, கழற்றும்போதே முறியும். மிச்சம் முறுகி, உள்ளுக்குள் காயம்பட்டு, ‘இது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திரும்பப் பூட்டப்பட்டு, ஆழ்கடலில் முறியும். கழற்றும்போது பலம் கேட்ட போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

‘ஆசானே, எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டாக மாற்றிவிடுங்கள்’ என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் ஏ2-70 என்ற எவர்சில்வர் போல்ட், 8.8-ஐவிட முன்னதாகவே நீண்டுவிடும். சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் வரை 8.8 தாங்கும் இடத்தில் இது 450தான். போதாததற்கு, அலுமினியத்தில் எவர்சில்வரைப் பூட்டி உப்புத்தண்ணீரும் பட்டால், போல்ட் பளபளப்பாகவே இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து அதைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் கம்பெனியே எவர்சில்வர் போட்டிருந்தால் சரி. அங்கேயும் மரை ஒட்டாமலிருக்க விற்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவிப் பூட்டுங்கள். அந்தப் பசை வழுக்கும் என்பதால் முறுக்கத்தைக் குறைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி வண்டிச் சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை. புதிய கார்கள் பலவற்றில் ஹெட் போல்ட் ஒருமுறைக்கு மட்டும். அதை முதலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பிறகு தலையில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்து, 90 டிகிரி, சில எஞ்சின்களில் மறுபடியும் 90 டிகிரி திருப்பச் சொல்லியிருப்பார்கள். அந்தத் திருப்பத்தில் போல்ட் வேண்டுமென்றே திரும்பி வர முடியாத அளவுக்கு நீட்டப்படுகிறது. இரண்டாவது தடவை அதே போல்ட்டைப் போட்டால், ஏற்கெனவே நீண்டதை இன்னும் நீட்டுகிறோம். மெக்கானிக் புது போல்ட் செட் எழுதிக் கொடுத்தால், ‘பழையது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு?’ என்று பேரம் பேசுகிறீர்கள். அவரும் வாடிக்கையாளர் போய்விடுவாரே என்று பழையதையே பூட்டுகிறார். முறிந்தபின் இருவரும் சேர்ந்து என் பட்டறையில் நின்று கம்பெனிக்காரனைத் திட்டுகிறீர்கள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் ஹெட்டை இறக்கி மாலையில் வண்டி வேண்டும் என்று நிற்பதும் இதே வகைதான். சூடான எஞ்சினில் ஹெட் போல்ட்டைத் தொடக் கூடாது. அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஸ்பார்க் பிளக்கையே ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க மனம் வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன். ஐடிஐயில் படித்துவிட்டு வரும் பையன்கள் டார்க் ரெஞ்சைப் பிடிக்கத் தெரிந்துதான் வருகிறார்கள். நம் பட்டறைகளில்தான் அது இருப்பதில்லை. இருந்தால் லாரிச் சக்கரத்துக்கான பெரியது ஒன்று இருக்கும். 40 நியூட்டன் மீட்டரில் தொடங்கும் ரெஞ்சால் 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை எப்படி இறுக்குவது? 5 முதல் 25 வரையுள்ள சின்னது ஒன்று வாங்குங்கள். முதல் ‘டிக்’கில் நிறுத்துங்கள், இன்னொரு ‘டிக்’ கேட்க ஆசைப்படாதீர்கள். அதை வைத்துப் போல்ட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் தளர்த்திவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறையோ 5,000 இறுக்கத்துக்கு ஒருமுறையோ அளவு சரிபார்க்க வேண்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் ஜீப்பை வெட்டிவிடுங்கள்; குழியிலுள்ள எண்ணெயை மட்டும் வெட்டாதீர்கள்.

அந்த ஆட்டோக்கார வாசகருக்கு ஒரு வேண்டுகோள். முறிந்த போல்ட்டில் ஓட்டை போட்டு, மிச்சத்தைத் திருப்பி எடுக்க விற்கும் ஈஸி அவுட் கருவியை அடித்து இறக்க வேண்டாம். அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும். இரண்டு நாள் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வைத்து, அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சம் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே பெரும்பாலும் திருப்பி எடுத்துவிடலாம். தலைப்பக்கம் முறிந்த துண்டையும் மறக்காமல் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
திங்கள்சந்தை,
கன்னியாகுமரி மாவட்டம்.